சாவகச்சேரிக்கு ஒரு சேவுப் பொட்டலம்

மார்ச் 3, செவ்வாய்

வந்துவிட்டேன். சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். இதற்கா நாற்பத்தைந்து வயது வரை காத்திருந்தேன்?

யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் அதிகாரி எங்கே தங்குவீர்கள் என்றார். திருநெல்வேலியில் விடுதி என்றேன் – இங்கேயும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது. தெரிந்தவர், சொந்தக்காரர்? இல்லை என்றேன். சொன்ன பிறகு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்படியென்றால் தயாளினி யார்?

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை என் பெஞ்சுக்காரி. அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் அகதி முகாமில் இருந்தாள். “எங்கடை நாட்டிலை” என்று தொடங்கினால் மணி அடிக்கும் வரை நிறுத்தமாட்டாள். எங்கடை நாட்டிலை மண் சிவப்பு, எங்கடை நாட்டிலை மாம்பழம் இத்தனை பெரிசு. அளக்காதே என்று கேலி செய்துவிட்டு, வீட்டுக்குப் போய் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். அன்று பிடித்த ஆசை இது. போர் முடிந்த பின் குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டாள். இப்போது சாவகச்சேரியில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாட்ஸ்அப் வாழ்த்து, அவ்வளவுதான்.

மண் சிவப்புதான். அளக்கவில்லை.

மார்ச் 4, புதன்

காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓர் ஆட்டோ வந்தது. ஐஸ்கிரீம் என்று எட்டிப் பார்த்தால் பாண் – நம்மூர் பிரெட். சாலையைக் கடக்கும் மஞ்சள் கோட்டில் கால் வைத்ததும் பஸ் நின்றுவிட்டது. பயந்துபோய்ப் பின்னால் வந்துவிட்டேன். டிரைவர் சிரித்தார்.

அலுவலகம் அனுப்பிய வேலை: ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பதினான்கு மைக்ராஸ்கோப்புகளைச் சரிசெய்வது. எல்லா லென்சிலும் பூஞ்சை. உதவிக்குக் கோபிசங்கர் என்ற ஆய்வுக்கூடப் பணியாளர். ஆமாம் என்பதற்கு “ஓம்” என்கிறார். கேட்கும்போதெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் தயாளினி பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

தயாளினிக்குப் போன் செய்தேன். அதே குரல்! எப்போது வந்தாய், எங்கே நிற்கிறாய் என்று கேட்டாள். நான் ரொம்பப் பெருந்தன்மையாக, உனக்கு ஒரு சிரமமும் வேண்டாம், சமைக்காதே, நாளை சாயங்காலம் யாழ்ப்பாணம் டவுனுக்கு வந்துவிடு, நல்ல ஹோட்டலாகப் பார்த்துச் சாப்பிடலாம் என்றேன்.

“ஓம், பாப்பம்” என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 6, வெள்ளி

வரவில்லை. அவளுக்குப் பிடித்த சாத்தூர் சேவுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் டவுனில் உட்கார்ந்திருந்தேன். போனும் எடுக்கவில்லை.

என்ன தப்பு பண்ணேன்? பழசை இன்னும் மறக்கலையா அவ? மறக்கணும்னு நான் எப்படிச் சொல்ல முடியும் –

இதை எங்கும் எழுதியதில்லை. 1998, அவள் பிறந்தநாள். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டிருந்தாள். அவள் அம்மா எனக்கென்றே பால்கொழுக்கட்டை செய்து வைத்திருந்தார். முகாமுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார் அப்பா. மறுநாள் வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். நம்பின மாதிரி தலையாட்டினாள். அதன் பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை. நானாகவும் போகவில்லை. அப்பாவின் மேல் பழியைப் போட்டுவிடலாம். பதினேழு வயதில் எனக்கும் கால் இருந்தது.

மார்ச் 7, சனி

கோபிசங்கரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஊருக்கு வந்த ஆள் முதல் வீட்டை எல்லோ போகவேணும், அக்கா. கடைக்கு வரச் சொன்னால், நீ எனக்குப் பிறத்தி எண்டு சொன்ன மாதிரி.”

பிறத்தி. அந்நிய ஆள். அன்றும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. கடல் தாண்டி அவள் நாட்டுக்கே வந்தும் ஹோட்டலுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். எனக்கெல்லாம் என்ன புத்தியோ!

அவள் விலாசம் என் போனிலேயே இருந்தது. போன வருடம் புது வீட்டுக் குடிபுகுதலுக்கு அழைப்பு அனுப்பியிருந்தாள். பதிலுக்கு நான் ஒரு கைகூப்பும் படம் அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

சொல்லாமல் போனேன். பஸ்ஸில் மடியில் சேவுப் பொட்டலம், பாதி நொறுங்கிவிட்டது. சந்தையடியில் இறங்கி விசாரித்துக்கொண்டே நடந்தேன்.

வாசல் படலையைத் தட்டியதும் அவளே வந்தாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். காதோரம் நரை. என்னைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள்.

“இருபத்தெட்டு வருசம்” என்றாள். “சாப்பாடு ஆறிப்போச்சு.”

தெருவில் நின்றே அழுதேன். மன்னித்துக்கொள் என்று ஏதோ தொடங்கினேன்.

“உதை விடு.” அதை விடு என்கிறாள். “கையைக் கழுவிப்போட்டு வா.”

புட்டு, மீன்குழம்பு, முருங்கைக்காய்க் கறி. இரண்டாம் முறை புட்டு வைக்கும்போது, முகத்தில் சிரிப்பே இல்லாமல், “வயித்துக்குத்து மாறீட்டுதோ?” என்று கேட்டாள். புரையேறிவிட்டது. அவளே தலையில் தட்டினாள். அதன் பிறகுதான் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

தேநீரோடு பனங்கட்டித் துண்டு, நம்மூர் கருப்பட்டி, தந்தாள். கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டுமாம். நான் டம்ளருக்குள் போட்டுக் கலக்கிவிட்டேன். அவள் கணவர் சிவகரன் அண்ணை பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

மார்ச் 9, திங்கள்

“வீட்டை வந்து நில்” என்றுவிட்டாள் தயாளினி, வீட்டில் வந்து தங்கு என்று. விடுதியைக் காலி செய்தேன். சிவகரன் அண்ணை மோட்டார் சைக்கிளில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்.

மார்ச் 12, வியாழன்

தினமும் சாவகச்சேரியிலிருந்து பஸ். வேலைக்குப் பிந்திப் போகிறேன், அலுவலகத்துக்குத் தெரியாது. பன்னிரண்டு மைக்ராஸ்கோப்புகள் முடிந்தன.

மார்ச் 14, சனி

பெட்டியில் பனங்கட்டி, எள்ளுருண்டை, எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு லுங்கி, இங்கே சாரம் என்கிறார்கள். வேண்டாம் என்றதற்குத் திட்டு.

விமான நிலையத்தில் அதே அதிகாரி. அவருக்கு என்னை ஞாபகமில்லை. எங்கே தங்கியிருந்தீர்கள் என்று கேட்டார்.

“சாவகச்சேரியிலை” என்றேன். “வீட்டை.”