மேசைக்குக் காவல் இருக்க மாட்டேன்

3 ஜூலை, வியாழன்

நோட்டுப் புத்தகமே, முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் எழுத்து கோணல். ஒன்று பெரிதாக நிற்கிறது, அடுத்தது கோட்டுக்குக் கீழே விழுகிறது. எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலையை வெட்டும் நீளக் கம்பைப் பிடித்த கைக்குப் பேனா மிகச் சிறியது. அழுத்தினால் தாள் கிழிகிறது. இதுவரை எழுதியதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. ஆனாலும் வேறு யாரையும் எழுதித் தரச் சொல்ல மாட்டேன்.

பெயர் அங்கமுத்து. வயது எழுபத்து மூன்று. பிறந்தது கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில். இப்போது புஞ்சாக் ஆலாமில் மகள் புனிதவதி வீட்டில், மனைவி நல்லம்மாளோடு. போன வருடம் கோயில் மண்டபத்து வகுப்பில் சேர்ந்தேன். லீலாவதி டீச்சர் தமிழ் எழுத்தை முடித்துவிட்டு, மலாய் படிக்க ரூமி என்கிற ஆங்கில எழுத்தும் சொல்லிக் கொடுத்தார். தினமும் எழுதச் சொல்கிறார். தினமும் முடியாது டீச்சர். ஏதாவது நடந்தால் எழுதுகிறேன்.

6 ஜூலை, ஞாயிறு

நடந்துவிட்டது.

ஞாயிறு மதியம் எல்லாரும் பேரங்காடி மாடியில் உள்ள உணவுக்கூடத்துக்குப் போவோம். இருபது கடைக்கு மேல் இருக்கும். கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது. அதனால் எனக்கும் நல்லம்மாளுக்கும் ஒரு வேலை உண்டு. மருமகன் கணேஸ்வரன் உள்ளே நுழைந்ததுமே சொல்வார்: "மாமா, நீங்களும் அத்தையும் மேசையப் பிடிச்சுக்குங்க." பைகளையும் குடையையும் எங்களிடம் கொடுத்துவிட்டு அவரும் மகளும் கடை கடையாகப் போவார்கள். எனக்குக் கோழிச்சோறு வரும். மூன்று வருடமாகக் கோழிச்சோறு.

இன்று எதிர்க் கடையின் பலகையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். A. Y. A. M. ஆயாம்! கோழி! அறுபது வருடமாக என் வாயில் இருந்த சொல், பலகையில் நின்று என்னைப் பார்த்தது. அப்புறம் ஈக்கான் — மீன். கம்பிங் — ஆடு. எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள்! நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். நல்லம்மாள் என் தொடையில் கிள்ளினாள்.

அது பர்கர் கடை. ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்து, என்ன இறைச்சி, என்ன சாஸ், உள்ளே என்னென்ன வேண்டும் என்று குறி போட்டுக் கொடுக்கிறார்கள். அவரவர் பர்கர் அவரவர் இஷ்டம். அடுத்த வாரம் எனக்கு அதுதான் என்றேன்.

"அதெல்லாம் எழுதிக் குடுக்கணும் லா மாமா" என்றார் மருமகன்.

எழுதத்தானே போகிறேன்?

13 ஜூலை, ஞாயிறு

பேனா இரண்டு முறை தாளைக் கிழித்துவிட்டது. கோபத்தில்தான்.

அவர்கள் கடைகளுக்குப் போனதும் நானும் எழுந்தேன். "எங்க போறீங்க? மேசை?" என்றாள் நல்லம்மாள். நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சீட்டு எடுத்தேன். ஓர் எழுத்தும் விடாமல் படித்தேன். பின்னால் வரிசை நீண்டது. நீளட்டும். ஆயாமுக்கு நேரே ஒரு கோடு போட்டேன். வேண்டாதவற்றுக்கு எல்லாம் பெருக்கல் குறி. மாடு வேண்டாம், பெருக்கல். ஆடு, மீன், முட்டை, சீஸ், அன்னாசி, எல்லாவற்றுக்கும் பெருக்கல். ஜலப்பெனோ என்று ஒன்று. அது என்னவென்றே தெரியாது. அதற்கும் பெருக்கல்.

தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும் கிராணி அப்படித்தான் செய்வார். வந்தவனுக்குக் கோடு, வராதவனுக்குப் பெருக்கல். எழுத்தே தெரியாத காலத்திலும் எனக்குத் தெரிந்த ஒரே குறி அது. பெருக்கல் என்றால் இல்லை. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

காசு கட்டியதும் ஒரு வட்டத் தகடு கொடுத்தார்கள். சாப்பாடு தயாரானால் அது துடிக்குமாம். மேசைக்கு வந்தால் என் நாற்காலியையும் பக்கத்து நாற்காலியையும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இழுத்துப் போயிருந்தார்கள். நல்லம்மாள் மீதி இரண்டு நாற்காலி மேலும் கையை வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். அதற்குள் தகடு கையில் துள்ளியது.

போய்ப் பார்த்தேன். கடவுளே. கரி நிறத்தில் இரண்டு ரொட்டி. நடுவே கோழி, அதன் மேல் மாடு, அதன் மேல் ஆடு, மீன், முட்டை, சீஸ், அன்னாசி. சாயாமல் இருக்க உச்சி முதல் அடி வரை ஒரு குச்சி. கடைக்காரப் பெண் பெருமையாகச் சிரித்தாள். என்னைப் பாச்சே, அதாவது பெரியவரே, என்று கூப்பிட்டு, இன்று இதுதான் பெரியது, நல்ல பசியா என்று கேட்டாள். நான் போட்ட பெருக்கல் எல்லாம் அவளுக்கு 'வேண்டும்'!

தட்டோடு மேசைக்கு வந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமா, மொத்தத் தோட்டத்தையும் ரொட்டிக்குள்ள அடுக்கிட்டீங்களா?" என்று சிரித்த மருமகன், மாட்டைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"பத்துமலைக்குக் காவடி தூக்கின ஆளு" என்றாள் நல்லம்மாள். "இப்ப மாட்டத் தூக்கிட்டு வருது. ரொட்டி வேற கரிஞ்சு கெடக்கு."

யாரும் தொடவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்தோம். காரில் மருமகன் சொன்னார்: "இனிமே நீங்க உக்காந்தே இருங்க மாமா. தெரியாத வேலை எதுக்கு?"

தெரியாத வேலையா? எல்லாவற்றையும் படித்தேனே. ஒரு குறிதானே தவறியது!

14 ஜூலை, திங்கள்

மேசைக்குக் காவல் இருக்க மாட்டேன். எழுதி வைத்துவிட்டேன்.

20 ஜூலை, ஞாயிறு

"வர்றதா இருந்தா மேசையில உக்காரணும், அப்பா" என்றாள் மகள். அப்படியானால் வரவில்லை என்றேன். நான் போகாததால் நல்லம்மாளும் போகவில்லை. வீட்டில் முருங்கைக்காய்க் குழம்பு. அவள் சோற்றைத் தட்டில் போட்ட சத்தம் அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"ஏசில உக்காந்து ஐஸ் மைலோ குடிச்சிட்டிருந்தேன். அதுவும் போச்சு, இவரு வீம்புக்கு."

வீம்புதான். எழுபத்து மூன்று வயதில்தான் வந்திருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

23 ஜூலை, புதன்

யாரிடமும் சொல்லாமல் நடந்தே போனேன். புதன்கிழமை கூட்டமில்லை. அதே பெண். சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தேன்: சுஹைலா. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திகைத்தாள். நடந்ததை மலாயில் சொன்னேன். வாயில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு மன்னிப்புக் கேட்டாள். அவள் மேல் என்ன தப்பு?

வேண்டாததற்கு எந்தக் குறியும் போடாதீர்கள் பாச்சே, காலியாக விடுங்கள் என்றாள்.

அவ்வளவுதான்! இங்கே வராதவனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு வெற்றுச் சீட்டுகளைக் கொடுத்து அனுப்பினாள்.

25 ஜூலை, வெள்ளி

சாப்பாட்டு மேசையில் சீட்டுகளைப் பரப்பிக் குறி போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். மகள் பார்த்துவிட்டாள். ஒன்றை எடுத்துப் படித்தாள்.

"உங்களுக்குக் கோழிச்சோறுதான் பிடிக்கும்னு நெனச்சேம்பா. வேற வேணும்னு நீங்க சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னது சரிதான்.

27 ஜூலை, ஞாயிறு

இன்று எழுத நிறைய இருக்கிறது. மெல்ல எழுதுகிறேன்.

உணவுக்கூடத்தில் மகள் பைகளை எல்லாம் மருமகன் மடியில் வைத்தாள். "நீங்க உக்காருங்க. அப்பா போகட்டும்."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி மாமா, இன்னிக்கு காவல் என் தலையில. ஆனா மாடு மட்டும் வேணாம் லா."

"கவலப்படாதீங்க மாப்பிள்ளை. மாடு இன்னிக்கு வேலைக்கு வரல."

சிரித்துவிட்டார்.

சீட்டு எடுத்தேன். என்னுடையதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கோழி, கோடு. வெங்காயம், கோடு. மிளகு சாஸ், கோடு. மற்றது எல்லாம் காலி. அடுத்தது நல்லம்மாளுடையது. கோழிக்குக் கோடு போட்டேன். வெங்காயத்துக்குப் போடப் பேனாவை வைத்தேன். கை நின்றுவிட்டது.

அவளுக்கு என்ன பிடிக்கும்?

நாற்பத்தெட்டு வருடம். சம்பள நாளில் தோட்டத்துக் கடையிலிருந்து என்ன வாங்கி வந்தேனோ அதைச் சாப்பிட்டாள். ஒரு நாளும் வேறு வேண்டும் என்று சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. வெள்ளிக்கிழமை மகளிடம் என்ன வாய் பேசினேன்!

வரிசையை விட்டு வெளியே வந்து மேசைக்குப் போனேன்.

"நல்லம்மா, உனக்கு என்ன வேணும்?"

"என்னத்தப் புதுசாக் கேக்குறீங்க? எதையாச்சும் போடுங்க."

"எதையாச்சும்னு சீட்டுல இல்ல. சொல்லு."

மருமகனைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள். நான் நகரவில்லை.

"மீனு" என்றாள். அப்புறம், "வெங்காயம் வேணாம்."

"உனக்குத்தான் வெங்காயம்னா உசுராச்சே!"

"உங்களுக்குத்தான் உசுரு. எனக்கு எந்தக் காலத்துலயும் பிடிக்காது."

மருமகன் குனிந்து பைக்குள் எதையோ தேடினார்.

திரும்பவும் வரிசையின் கடைசியில் நின்றேன். கோழிக்குக் கோடு போட்ட சீட்டைக் கிழித்துவிட்டு, புதுச் சீட்டில் மீனுக்குப் போட்டேன். வெங்காயத்துக்கு நேரே இருந்த கட்டத்தைக் காலியாக விட்டேன். அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளைக் கேட்காமல் இருந்திருந்தால் அங்கேயும் கோடு போட்டிருப்பேன்.

பர்கர் அருமை. இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தால் சாறு முழங்கை வரை வழிகிறது. கறுப்பு ரொட்டி கரியாக இல்லை, மெத்தென்று லேசாக இனிக்கிறது. நல்லம்மாள் முதலில் ரொட்டியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். வெங்காயம் இல்லை. ஒரு துணுக்குகூட விடாமல் சாப்பிட்டாள். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. விரலைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் சீட்ட எங்கிட்டக் குடுங்க. கோடு போட எழுத்துப் படிக்கணுமா என்ன? எது எதுன்னு நீங்க வாசிச்சா போதும்" என்றாள்.

வாசிக்கிறேன். அவள் எது எதற்குக் கோடு போடுகிறாள், இன்னும் எத்தனை கட்டத்தைக் காலியாக விடுகிறாள் என்று அடுத்த ஞாயிறு பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.