இம்பாலாவுக்கு ஒரு கட்டை

1987 செப்டம்பர் 14

நான்கு சக்கரத்தின் பிரேக் சாமான்களும் வீட்டுக்கு வந்துவிட்டன. முற்றத்தில் எங்கள் பேண்டேஜ் கம்பெனியின் கழிவுத் துணியை விரித்து அடுக்கினேன். முதலாளி வைகுண்டராஜின் இம்பாலா கார். பன்னிரண்டு வருடமாகக் கொட்டகையில் கோழி அடைகாத்த வண்டி. எஞ்சினை மதுரை மெக்கானிக் உறும வைத்துவிட்டார். பிரேக் மட்டும் என் தலையில். ஐப்பசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலாளி மகள் கல்யாணம். பெண்ணழைப்புக்கு இந்த வண்டிதான் வேண்டுமாம். ஓட்டப்போவதும் நானாம்.

நான் தறி ஃபிட்டர். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? பாயிலர் சத்தத்துக்கே பத்தடி தள்ளி நிற்கிறவனுக்கு முதலாளி முன்னால் வாய் எங்கே திறக்கும்?

செப்டம்பர் 23

பயமாகத்தான் இருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. ஓரிடத்தில் ஒழுகினால் மொத்தமும் போச்சு. ஹேண்ட் பிரேக் கேபிளோ துருப்பிடித்து அறுந்து கிடக்கிறது. என் கை முழுக்கக் கறுப்பு. வேலுத்தாய் சோறு பிசைந்து கொடுத்தாள், கூடவே ஏச்சும். "இந்த இரும்பையே கட்டியிருக்கலாம்ல நீங்க?"

அக்டோபர் 1

ஆயுத பூஜை. கம்பெனியில் பூஜை முடித்து வருவதற்குள் வேலுத்தாய் எல்லாவற்றையும் துலக்கி வைத்திருந்தாள். ஸ்பேனர், சுத்தியல், அரிவாள்மனை – அம்புட்டுக்கும் சந்தனம், குங்குமம். பிரேக் எண்ணெய் கசியாமல் பிடிக்கிற ரப்பர் கப்புகளுக்கும் பொட்டு! மதுரையில் கடைகடையாக அலைந்து கிடைத்த ஒரே செட். ரப்பருக்குப் பொட்டு வைத்தவளை இன்றுதான் பார்க்கிறேன். சிரித்தேன். கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தது.

அக்டோபர் 18

மாட்டியாயிற்று. சத்திரப்பட்டி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மிதித்ததும் நின்றது. முதலாளி முதுகில் தட்டினார். நான் இறங்கி நான்கு சக்கரத்தையும் மறுபடி தடவிப் பார்த்தேன்.

அக்டோபர் 29

ஐயோ, என்ன செய்வேன்.

பெடல் மேலே வர மாட்டேன் என்கிறது, காரணம் தெரியவில்லை என்று சாப்பிடும்போது புலம்பினேன். "அன்னைக்கு நான் எம்புட்டுச் சுத்தமாக் கழுவிக் குடுத்தேன், அதுக்கென்ன கேடு?" என்றாள்.

"எதுல கழுவுன?"

"சீமெண்ணெய்லதான். ஸ்பேனரோட சேத்து, காலையில இருந்து ஊறப்போட்டு."

சீமெண்ணெய் குடித்த ரப்பர் ஊதிப்போகும். இன்றைக்கு நிறுத்தும், நாளைக்குக் கைவிடும். வேறு செட் மதுரையிலும் இல்லை, ஹேண்ட் பிரேக் கேபிளும் கிடைத்தபாடில்லை. அவள் அழுதாள். பெண்ணழைப்பில் சீர்த்தட்டு ஏந்தி வண்டிக்கு முன்னால் நடக்கப்போவது கம்பெனிப் பெண்கள். அவளும்தான்.

அக்டோபர் 30

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவள் பெயரை இழுக்கவில்லை. நான்தான் கழுவினேன் என்றேன்.

"ஏலே குருசாமி, நிழலைக் கண்டாலே பயப்படுத பய நீ. அன்னைக்கு நின்னுச்சுல்லா? மாப்ள வீட்டுல இம்பாலா இம்பாலான்னு எதிர்பாத்துக்கிட்டு இருக்காவ. போ, போய் மெழுகு போட்டுத் துடை."

இத்தனை வருடம் ஒன்றுமில்லாததுக்கெல்லாம் பயந்தேன். நிஜமாகவே பயப்படவேண்டிய நாளில் ஒருத்தரும் நம்பவில்லை. நான் ஓட்டாவிட்டால் வேறொருவனை ஏற்றுவார். அவனுக்கு இந்தப் பயம் இருக்காது. அதை நினைத்தால் இன்னும் பயம்.

அக்டோபர் 31

ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வேலுத்தாயின் அண்ணன் சோலைச்சாமி ஆடிப்பூரத் தேருக்குச் சக்கரத்தில் கட்டை போடுகிறவர். அவ்வளவு பெரிய தேர் நிற்பதும் திரும்புவதும் அவர் கட்டையில்தான். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் கட்டையோட கூடவே வாரேன் மாப்ளே. நீ கத்து, நான் போடுதேன்."

நவம்பர் 1

விடியுமுன்னே ரோட்டில் ஆளில்லாத நேரமாக வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்தேன். சாயங்காலம் ஊர்வலம். பின் சீட்டில் பெண். முன் சக்கரத்தை ஒட்டி மச்சான், வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் கட்டை. முதலாளி முறைத்த முறைப்பு! சனமெல்லாம் சிரித்தது. சிரிக்கட்டும்.

ரத வீதித் திருப்பத்தில் லேசான இறக்கம். மேளக்காரர்கள் நின்று வாசிக்க, பெண்களும் நின்றுவிட்டார்கள். மிதித்தேன். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி மிதித்தேன். ஒன்றுமில்லை. கண்ணெதிரே வேலுத்தாயின் முதுகு, சடையில் கனகாம்பரம் –

"மச்சா...ன்!"

டொக். வண்டி குலுங்கி நின்றது. கல்யாணப் பெண்ணின் நெற்றிச்சுட்டி சரிந்தது, அவ்வளவுதான். வேலுத்தாய் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு. தட்டு ஆடியதில் ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு வண்டிக்கு அடியில் போனது.

எஞ்சினை அணைத்துவிட்டேன். பிறகு கம்பெனி ஆட்கள் தள்ள, மச்சான் கட்டை போட, மண்டபம் வரை அப்படியே வந்தோம்.

நவம்பர் 4

மாப்பிள்ளை வீட்டார், "கட்டை போட்டுக் கூட்டிவாரது உங்க ஊர் வழக்கமா? நல்லாருக்கே" என்றார்களாம். முதலாளி, "ஆமா, ஆண்டாள் ஊர்ல பொண்ணு தேர்லதான வரணும்" என்றாராம்! என்னிடம் பிரேக்கை மறுபடி கழற்றச் சொன்னார். "நிதானமாப் பாரு. நீ சரின்னு சொன்னாப் பொறவுதான் வண்டி வெளிய போகும்."

1988 அக்டோபர் 19

ஆயுத பூஜை. வேலுத்தாய் ஒவ்வொரு சாமானாகக் கையில் தூக்கி, "இதுல ரப்பர் உண்டா? இதுல?" என்று கேட்டாள். நான் இல்லை என்ற பிறகே சீமெண்ணெய்ப் பக்கம் கொண்டுபோனாள். முதலாளி பம்பாயிலிருந்து வரவழைத்த புதுக் கப்புகளில் வண்டியில் மாட்டியதுபோக மிச்சம் டப்பாவோடு பரண்மேல்.

அடுத்த மாதம் இன்னொரு வீட்டுப் பெண்ணழைப்புக்கு இம்பாலாவைக் கேட்டிருக்கிறார்கள். கட்டையோடுதான் வேண்டுமாம். அதற்காக மச்சான் கொடுத்தனுப்பிய கட்டையை நடுவில் வைத்து, இருப்பதிலேயே பெரிய பொட்டாக வைத்தாள்.

நான் அதைத்தான் முதலில் கும்பிட்டேன்.