மூடாமலே தூங்கிப்போன லேப்டாப்

சோறு ஆறுகிறது என்று தினமும் என்னைக் கூப்பிட்ட அத்தைக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் மகன் காப்பி போடக் கற்றுக்கொண்டுவிட்டார், சர்க்கரைதான் இன்னும் கைக்கு அடங்கவில்லை. கொல்லையில் இருந்த முருங்கையை ஆடிக்காற்று சாய்த்துவிட்டது. இதையெல்லாம் உங்கள் படத்துக்கு விளக்கேற்றும்போதே சொல்லிவிட்டேன். சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம்முடைய லேப்டாப்பைப் பற்றித்தான். நம்முடையது என்று சொல்லலாம்தானே? அது வந்த அன்று உங்கள் மகள் முகவாயில் கை வைத்துக்கொண்டு, "வூட்டுல உக்காந்திருக்கிறவளுக்கு எதுக்கு இம்மாம் பெரிய பொட்டி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள். "அவ பாக்குற வேலைக்கு அது வேணுங்கிறா. டிராக்டர்காரன்கிட்ட போயி எதுக்குப்பா இவ்ளோ பெரிய டயருன்னு கேப்பியா?"

என் கல்யாணத்துக்கு ரஞ்சன்குடியிலிருந்து வந்த சீரில்கூட அவ்வளவு கனமான பொருள் இல்லை. அதன் அடாப்டர் மட்டுமே ஒரு செங்கல் இருக்கும். வேலை ஏற ஏற உள்ளே இருக்கும் இரண்டு ஃபேனும் நெல் தூற்றும் மிஷின் போல இரைய ஆரம்பிக்கும், பக்கத்து ஓட்டை வழியே அனல் அடிக்கும். மார்கழியில் நீங்கள் அந்த அனலில் இரண்டு கையையும் காட்டிக் குளிர்காய்ந்தீர்கள். உங்களுக்கு அது லேப்டாப் இல்லை, "தேனு அடுப்பு".

அரியலூர் சர்வே ஆபீஸ் கொடுத்த முதல் வேலை நினைவிருக்கிறதா? சுண்ணாம்புக்கல் குழி ஒன்றைச் சுற்றி ட்ரோன் எடுத்த படங்கள், நூற்றுக்கணக்கில். ஒரு படத்தில் இருக்கும் கல்லை இன்னொரு படத்தில் தேடிக் கண்டுபிடித்து, அப்படியே ஒட்டி ஒட்டி, குழி முழுவதையும் உருவமாகக் கட்டவேண்டும். திரையில் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள் வந்து விழ, நீங்கள் முறத்தை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். "எறும்பு புத்து கட்டுற மாதிரியே இருக்குடி" என்றீர்கள்.

கட்டி முடித்ததும் மவுஸை உங்கள் கையில் கொடுத்துத் திருப்பச் சொன்னேன். அவ்வளவு பெரிய குழி உங்கள் விரலுக்குத் திரும்பியது. கல்யாணமான புதிதில் நீங்கள் கூடை சுமந்த குழி அது. "நாங்க சுமந்தப்ப இடுப்பு மட்டுந்தான் பள்ளம். இப்ப பனைமரத்தையே நட்டு வச்சாலும் தலை தெரியாது போலிருக்கே" என்றீர்கள். அப்புறம் குழியின் சுவரில் நத்தை போலச் சுருண்டிருந்த ஒரு கல்லைத் தொட்டுக் காட்டினீர்கள். "இது கூடையில வந்தா எடுத்துத் தூர எறிவோம்."

அது கல் இல்லை அத்தை, கடலில் இருந்த உயிர், பல கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. "அப்ப நான் கடலுக்குள்ள நின்னுதான் கல்லு சுமந்தேனா? காலு கூட நனையலியே" என்றீர்கள். அன்று முழுக்க எனக்குச் சிலிர்த்துக்கொண்டே இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மறுநாள் பால்காரரிடம், அவர் கேட்காமலே, நம் ஊர் கடலாக இருந்த கதையை முழுதாகச் சொன்னீர்கள்.

அதே மாதத்தில் உங்களையும் அதே போலத் திரையில் கட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்காரச் சொல்லி, போனை வைத்துக்கொண்டு உங்களைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். முகம், சேலை மடிப்பு, மூக்குத்தி, நாற்காலியின் விரிசல் எல்லாம் அச்சாக வந்தது. இடது கை மட்டும் மணிக்கட்டோடு நின்றுவிட்டது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருவன் பிரஷருக்கு நல்லது என்று சொல்லித் தலையில் கட்டிய காந்தக் காப்பை நீங்கள் அந்தக் கையில்தான் போட்டிருந்தீர்கள். அதைச் சுழற்றிக்கொண்டே இருப்பது உங்கள் பழக்கம்.

"என் கைய எங்கடி காணோம்?"

"ஆட்டிக்கிட்டே இருந்தீங்க. அசையாம இருக்கிறத மட்டுந்தான் அதுக்குக் கட்டத் தெரியும்."

"போவட்டும் விடு. உன் பொட்டிய மூடறதுக்கு ஒரு கை வெளியிலயே இருக்கட்டும்" என்றீர்கள்.

மதியம் ஒரு மணிக்குச் சோறு ஆறுது என்று இரண்டு தடவை கூப்பிடுவீர்கள். மூன்றாவது தடவை குரல் வராது, நீங்களே வந்துவிடுவீர்கள். வலது கையில் குழம்புக் கரண்டி இருக்கும், இடது கை லேப்டாப்பின் மூடியைப் பிடித்து இறக்கும். முதல் தடவை அப்படி மூடியபோது ஆறு மணி நேர வேலை போயிற்று. நான் கத்தினேன், நீங்கள் இரண்டு நாள் பேசவில்லை. அதற்குப் பிறகு "மூடட்டுமா?" என்று கேட்டுவிட்டு மூடினீர்கள். நான் வேலையைச் சேமிப்பதற்குள் மூடியும் விடுவீர்கள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

அன்று லேப்டாப்பில் பெரிய குழி ஒன்றைக் கட்டும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் முழு வேகத்தில் இரைந்தது. புழுதி வரக்கூடாதென்று அறைக்கதவைச் சாத்தியிருந்தேன். ஒரு மணி தாண்டியும் நீங்கள் வந்து மூடவில்லை. இன்று தொந்தரவில்லாமல் ஓடுகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன், அத்தை. பசித்து எழுந்து வந்தபோது மணி ஒன்றே முக்கால். நீங்கள் கொல்லை வாசலில் துவைகல் பக்கத்தில் கிடந்தீர்கள்.

முன்னாடியே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். உங்கள் மகன் அதை நம்பினார், அல்லது எனக்காக நம்புவது போல இருந்தார். நான் யாரிடமும் கேட்காத கேள்வி ஒன்றுதான். நீங்கள் கூப்பிட்டீர்களா?

ஆஸ்பத்திரியில் உங்கள் பொருட்களை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். தங்கத்தையெல்லாம் எடுத்த பிறகு காந்தக் காப்பு மட்டும் அடியில் கிடந்தது. யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நான் எடுத்து இடது கையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

ஒரு மாதம் லேப்டாப்பைத் தொடவில்லை. திரும்ப உட்கார்ந்த முதல் நாளே, பத்து நிமிஷத்தில் திரை இருண்டது. பொத்தானை அழுத்தினால் விழிக்கும், நான் வேலையில் குனிந்ததும் மறுபடி தூங்கிவிடும். சூடு என்று நினைத்துப் பின்பக்கத்தைக் கழற்றினேன். ஃபேன் இறக்கை முழுக்க வெள்ளைத் தூசி. லாரிகள் வீசிப்போகும் சுண்ணாம்புத் தூசி. அந்தக் கடலே இதற்குள் வந்து படிந்திருக்கிறதே என்று தூரிகையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். துடைத்துச் சூடு கடத்தும் புதுப் பசை வைத்தேன், டிரைவர் மென்பொருள்களைப் புதுப்பித்தேன். பேட்டரியைச் சோதித்தேன், வேறு பிளக்கில் போட்டும் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை.

கடைசியில் அதன் பதிவேட்டைத் திறந்தேன். எப்போது தூங்கியது, ஏன் தூங்கியது என்று அதுவே எழுதி வைத்திருக்கும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரே காரணம்தான் இருந்தது. பொத்தான் அல்லது மூடி.

பொத்தானை நான் தொடவில்லை. மூடி என் எதிரே திறந்திருக்கிறது. யார் மூடியது? பட்டப்பகலில் அறையைத் திரும்பிப் பார்த்தேன்.

மூடினாலும் தூங்காதே என்று அமைப்பில் ஒரு வரியை மாற்றினால் முடிந்துவிடும். அரை நிமிஷ வேலை. எனக்குக் கை வரவில்லை, அத்தை. உங்களை வீட்டுக்குள் வராதீர்கள் என்று சொல்வது போல இருந்தது. இதைக் கேள்விப்பட்ட உங்கள் மகளோ வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "அம்மாவுக்கு இந்தப் பொட்டி மேல கோவம். அது இரைஞ்ச இரைச்சல்லதான உனக்கு ஒண்ணும் கேக்கல?" அவர் பொல்லாதவர் இல்லை, அழுதுகொண்டேதான் சொன்னார். நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததையே அவர் வாய்விட்டுச் சொன்னார். பெரம்பலூரில் ரிப்பேருக்குக் கொடுப்பது, சரியாகாவிட்டால் அங்கேயே விற்றுவிட்டு வேலையையும் விட்டுவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

கடை பாய் இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார். ஒரு தடவைகூடத் தூங்கவில்லை. "உங்க வூட்டு கரண்ட்தான் சரியில்லம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கை வைத்தேன், இருண்டது. மறுநாளே பஸ் ஏறினேன். வித்துடலாம் பாய் என்றேன்.

அவர் உடனே சம்மதிக்கவில்லை. "நம்ம கையில தூங்கல, உங்க கையில தூங்குது. நீங்களே உக்காந்து வேலை செய்ங்க, நான் பாக்குறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் தட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ டிரைவரை என் மணிக்கட்டுப் பக்கம் கொண்டுவந்தார், அது டக்கென்று காப்பில் ஒட்டிக்கொண்டது.

"இத எப்பலேருந்து போட்டிருக்கீங்க?"

"மாமியாரோடது பாய். அவங்க போனதுலேருந்து."

"மவுத்தாயிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் வழக்கப்படி ஒரு வரி முணுமுணுத்தார். பிறகு மெதுவாக விளக்கினார். "மூடியில ஒரு காந்தம் இருக்கும்மா. கீழ, நீங்க கை வைக்கிற இடத்துக்கு அடியில, காந்தம் வந்துச்சான்னு பாக்குற சின்ன சாமான் ஒண்ணு இருக்கும். காந்தம் கிட்ட வந்தா மூடிட்டாங்கன்னு நெனச்சு மிஷின் தூங்கிடும். உங்க கை அங்க போறப்பல்லாம் யாரோ மூடுறாங்கன்னு அது நம்பியிருக்கு. ரிப்பேர் ஒண்ணும் கெடையாது. கழட்டி வச்சிட்டு வேலையப் பாருங்க."

நான் கடையிலேயே அழுதேன். பாய் டீ சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தபடியே வந்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. கோபம் இல்லை, ஆவி இல்லை, பஸ் ஸ்டாண்டில் விற்ற ஒரு காந்தம், அவ்வளவுதான். ஆனாலும் பிரமிப்பு அடங்கவில்லை. மலை மாதிரிக் குழியைக் கட்டத் தெரிந்த மிஷினுக்கு உங்கள் இடது கையைக் கட்டத் தெரியவில்லை. அந்தக் கையில் கிடந்த காப்பு பக்கத்தில் வந்தால் அடங்க மட்டும் அதற்குத் தெரிந்திருக்கிறது. மூடியை மூடினார்கள் என்று அது எழுதி வைத்தது பொய் என்று இப்போதும் எனக்குச் சொல்ல முடியவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் அதிசயம் போய்விடும் என்பார்கள். எனக்கு என்னவோ போகவில்லை.

அந்த வாரமே குழி வேலையை முடித்து அனுப்பிவிட்டேன். அடுத்த குழியும் வந்திருக்கிறது. உங்கள் உருவத்தை இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் மறுபடி கட்டிப் பார்த்தேன். ஒரு பகல் முழுக்க அடுப்பு எரிந்தது. இமை முடிகூடத் தெரிகிறது, கை மட்டும் வரவில்லை. சரி, அது வெளியிலேயே இருக்கட்டும்.

உங்கள் மகளுக்குப் போன் போட்டுக் காப்பு விஷயத்தைச் சொன்னேன். அது இப்போது எங்கே என்று கேட்டார். பிறகு, "அத பத்திரமா வச்சுக்க தேனு" என்றார்.

என் மேசை இப்போது அறையில் இல்லை. கொல்லை வாசலைப் பார்த்தபடி கூடத்தில் போட்டிருக்கிறேன், புழுதி வந்தால் துடைத்துக்கொள்கிறேன். வேலை நேரத்தில் காப்பைச் சமையலறை ஆணியில் மாட்டிவிடுவேன். அமைப்பில் அந்த வரியை மாற்றவில்லை, மாற்றவும் போவதில்லை. சரியாக ஒரு மணிக்கு வேலையைச் சேமித்துவிட்டுப் போய்க் காப்பை எடுத்துக் கையில் போட்டு, விசைகளுக்கு இடது பக்கத்தில் கையை வைக்கிறேன். திரை இருளும். ஃபேன் இரண்டும் மெல்ல இறங்கி நிற்கும். அதன் பிறகு வீடு முழுக்கக் கேட்கும், குழாய் சொட்டுவதும் காக்கை வந்து கத்துவதும் தெருவில் லாரி போவதும். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு வேலை இருக்கும் வரைக்கும் இதைச் செய்வேன், இது உங்கள் மேல் ஆணை. அன்று நீங்கள் கூப்பிட்டீர்களா என்று எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. இனிமேல் கூப்பிடுங்கள் அத்தை, கேட்கும்.

சோறு ஆறுவதற்குள் எழுந்து வந்துவிடும்
உங்கள் மருமகள்,
தேன்மொழி