நான் வளர்த்த சோம்பேறிகள்

பிப்ரவரி 3

ஆய்வகத்தின் மாத அறிக்கை போயாகிவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்துப்பூச்சி முட்டைகளைக் காகித அட்டையில் ஒட்டிக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்தால், கடுகைவிடச் சின்ன என் குளவிகள் ஒன்று விடாமல் அவற்றுக்குள் தங்கள் முட்டையைச் செருகிவிடுகின்றன. முட்டை கறுக்கும், புழு வரவேண்டிய இடத்தில் குளவி வரும். அதிகாரி "குட்" என்று மட்டும் பதில் போட்டார். அதை நான்கு தடவை படித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 5

அக்கா வீட்டுக்குப் போனேன். போன வருஷம் தக்காளிக்கு மருந்தடித்துவிட்டு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். இந்தத் தடவை மருந்தே வேண்டாம், வாராவாரம் நானே வந்து கறுத்த முட்டை ஒட்டிய குளவி அட்டையைச் செடியில் கட்டுகிறேன், பொரிக்கும் குளவி பறந்து போய்க் காய்ப்புழுவின் முட்டைகளை அழித்துவிடும் என்று வாக்குக் கொடுத்தேன்.

"கண்ணுக்கே தெரியாத பூச்சிய நம்பி வயலை விடணுமா?" என்றார் அத்தான். "காய் போச்சுன்னா இந்த வருஷம் ஒண்ணுமில்ல, தெரியுமில்ல?"

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா. அவளுக்கு என்னைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு. சின்ன வயதிலிருந்தே திருத்த முடியவில்லை. முதல் அட்டையைக் கட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 12

இரண்டாவது அட்டை கட்டினேன். செடிக்குச் செடி குனிந்து இடுப்பு போச்சு.

பிப்ரவரி 19

மூன்று காயில் ஓட்டை. மூன்றுதான். அத்தானிடம், "பார்த்தீங்களா?" என்று மார் தட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 26

இன்று பழைய அட்டைகளைக் கழற்றினேன். குளவிகள் பொரித்திருந்தன. பொரித்த இடத்திலேயே செத்தும் கிடந்தன. ஓர் அட்டை என்றால் மழை, காற்று என்று ஏதாவது சொல்லலாம். எல்லா அட்டையிலுமா? அக்கா கேட்பதற்குள் பையில் போட்டு மூடிவிட்டேன். திருடி மாதிரி.

பிப்ரவரி 27

மேஜையின் இந்தப் பக்கம் குளவிகள், அந்தப் பக்கம் புது முட்டை. நடுவில் இரண்டு சாண். மாலை வரை உட்கார்ந்திருந்தேன். ஒன்றுகூடப் போகவில்லை. லென்ஸில் பார்த்தால் பாதிக்கு இறக்கை சுருங்கி, கசங்கிக் கிடக்கிறது.

செய்தது நான்தான். இரண்டு வருஷமாகக் குழாய்க்குள்ளேயே பொரிக்க வைத்து, மூக்குக்கு நேரே முட்டையை நீட்டி, அதிலிருந்தே அடுத்த தலைமுறையை எடுத்தேன். எண்பது தலைமுறை! பறப்பவளுக்கு இங்கே என்ன வேலை? தொண்ணூற்றெட்டு வந்ததில் என்ன ஆச்சரியம்! அடுப்படியிலேயே உட்கார வைத்துச் சோறு போட்டுவிட்டு, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அப்படியென்றால் அக்கா வயலில் புழு ஏன் குறைவு?

மார்ச் 6

நான் அட்டையே கட்டாத கடைசி வரப்போரம் இலைகளைப் பறித்து வந்தேன். அதில் கறுத்த முட்டைகள். என்னுடையவை இல்லை. சுற்றுவட்டாரத்தில் மருந்தடிக்காத வயல் அது ஒன்றுதான். காட்டுக் குளவிகள் தாமாக வந்திருக்கின்றன.

ஆனால் எண்ணிப் பார்த்தேன். பத்துக்கு மூன்றுதான் கறுப்பு. மீதி ஏழு? அதுகள் புழுவாகி எங்கே போயின?

மார்ச் 11

வரப்போர முட்டைகள் பொரித்தன. திறந்ததும் ஜன்னலுக்குப் பறந்துவிட்டன, வெட்கங்கெட்ட கழுதைகள். அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன். புதிதாக வளர்க்க ஆறு குளவிகளைப் பிடித்து வைத்திருக்கிறேன். பழைய குழாய்களையெல்லாம் கொட்டிவிட்டேன்.

மார்ச் 14

அக்காவிடம் சொல்லிவிட்டேன். என் குளவி ஒன்றும் பறக்கவில்லை, உன்னை நட்டாற்றில் விட்டிருக்கிறேன் என்று.

"தெரியுமே" என்றாள். "முதல் அட்டையிலயே பார்த்தேன். அங்கயே நடந்துட்டுக் கிடந்துது."

"அப்புறம் ஏன்க்கா சொல்லல?"

"உங்க அத்தான் காதுல விழுந்தா உன்ன சும்மா விடுவாரா? அவர் எந்திரிக்கறதுக்கு முன்னாடி போயி தினமும் நானே புழுவ பொறுக்கிருவேன்."

கையைக் காட்டினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பச்சைக் கறை. ஐந்து வாரமாக அந்தக் கையால்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். நான் குடித்துவிட்டு மார் தட்டியிருக்கிறேன்.

மார்ச் 15

இரவு அங்கேயே தங்கி, விடிவதற்குள் நானும் வயலுக்குப் போனேன். அக்கா ஒரு வரிசை முடிக்கும்போது நான் மூன்றாவது செடியில் நின்றிருந்தேன்.

"சீக்கிரம் வாடி, அவர் எந்திரிச்சிருவாரு" என்றாள்.