அப்பா ஓட்டாத பயணம்

மே 13, செவ்வாய்

காலையில் அப்பாவை ஹூஸ்டன் டவுன்டவுனில் அவர் ஆபீஸ் வாசலில் இறக்கினேன். திரும்பி வந்து தம்பி சுஹாஸை ஸ்கூலில் விட்டேன். மதியம் அவனை எடுத்து ரோபாட்டிக்ஸ் கிளாஸில் விட்டு, மறுபடி டவுன்டவுன். அப்பாவோடு ட்ராஃபிக்கில் நின்று, வழியில் கொத்தமல்லி வாங்கி, பேர்லேண்டில் வீடு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் விடியற்கால ஷிஃப்ட். அவள் தன் காரில் எல்லாருக்கும் முன்னாடி கிளம்பிவிடுவாள்.

யூனிவர்சிட்டியைப் பாதியில் விட்டு எட்டு மாசம் ஆச்சு. "சும்மாதானே இருக்க" என்பதுதான் இப்போது வீட்டில் என் பேர். அதிதி என்று யாரும் கூப்பிடுவதில்லை.

ஏப்ரலில் ஆபீஸ் பார்க்கிங்கில் அப்பாவுக்கு ஃபிட்ஸ் வந்தது. நல்லவேளை, காரை ஸ்டார்ட் பண்ணவில்லை. ஆறு மாசம் மறுபடி வராமல் இருந்தால் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்டோபர் வரைக்கும் நான் டிரைவர். வெளியில் யாருக்கும் தெரியாது. அம்மா அந்த வார்த்தையையே சொல்வதில்லை. "அது" என்பாள்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். சுஹாஸுக்குப் படிக்கத் தெரியாது. அம்மாவுக்கு என் கையெழுத்து புரியாது. சென்னையில் எட்டாவது வரை படித்ததற்கு இந்த ஒரு லாபம்.

மே 25, ஞாயிறு

கோயில் கேன்டீனில் திருமூர்த்தி அங்கிள் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "என்ன மகா, இந்த சம்மர் எந்த ஸ்டேட்?" அவர் வருஷா வருஷம் கேட்பார், அப்பா வருஷா வருஷம் மைல் கணக்கோடு பதில் சொல்வார். யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், எல்லாம் அப்பா ஒருத்தரே ஓட்டினது. நாங்கள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

அப்பா தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சட்டென்று, "இந்தத் தடவை யூகே," என்றாள். எனக்கே அப்போதுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கிச்சனில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "கார் வேண்டாத ஊரா பாரு. நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட இல்லாத ஊரா பாரு."

லண்டனில் மாமா இருக்காரே என்றேன்.

"அதான் வேண்டாம்ங்கறேன். என் அண்ணன் ஏர்போர்ட்லயே கார் சாவிய நீட்டுவான். அப்பா என்ன சொல்லுவார்? நாளைக்கு உனக்கு வரன் பாக்கும்போது, அந்தக் குடும்பத்துல அது இருக்குன்னு ஒருத்தர் வாயத் திறந்தா போதும்."

எனக்கு வரன் யார் கேட்டது? ஆனால் பொய்க்குக் காரணம் நானாம்.

ஜூன் 8, ஞாயிறு

ஒரு வாரமாக பிரிட்டிஷ் ரயில் டைம்டேபிள் பார்க்கிறேன். காலேஜில் எதையும் இவ்வளவு உட்கார்ந்து படித்ததில்லை.

எல்லாரும் போகிற இடங்களை முதலில் லிஸ்டிலிருந்து அடித்தேன். எடின்பரோ வேண்டாம், பாத் வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே ரூமுக்குப் போகணும், அதுதான் என் முதல் விதி. இரண்டாவது, அந்த ஊரில் எல்லாரும் நடக்கணும். நடக்கிற கூட்டத்தில் ஓட்டாதவர் தனியாகத் தெரியமாட்டார்.

இரண்டு ஊர் கிடைத்தது. வேல்ஸில் பார்மத்: ரயில் கடல் ஓரமாகவே போகும், வழியில் ஒரு ஸ்டேஷனில் ரயிலே இரண்டாகப் பிரிந்து பாதி வேறு ஊருக்குப் போய்விடும். சரியான பெட்டியில் உட்காரணும். அப்புறம் வடக்கே ஆர்ன்சைட்: ஆற்று முகத்துவாரம், ஒரு தெரு, ஒரு பேக்கரி, ஒரு ஸ்டேஷன். பேர்லேண்டில் ஒருத்தரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அம்மாவிடம் காட்டினேன். ரூமில் ரைஸ் குக்கர் வைக்க ப்ளக் இருக்குமா என்றாள். அப்பா ஃபோனை வாங்கி மேப்பைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். "இதுக்கு ட்ரெயின்ல நாலரை மணி நேரமா? நான் ஓட்டினா மூணு," என்று திருப்பிக் கொடுத்தார்.

ஜூன் 19, வியாழன்

ஃப்ரெண்ட் கௌசிகா ஃபோனில் கூப்பிட்டாள். நியூஜெர்சியில், ஸ்டேஷன் பக்கத்தில் அவள் இருக்கிற வீட்டில் ஒரு ரூம் காலியாம். அவள் வேலை பார்க்கிற நியூயார்க் பேக்கரியில் ஆள் எடுக்கிறார்களாம். தினம் ரயிலில் போய் வரலாம். "கார் தேவையே இல்லையடி, வா," என்றாள். அவள் யாழ்ப்பாணத் தமிழில் கூப்பிட்டால் கிளம்பலாம் போலத்தான் இருக்கும்.

அக்டோபர் வரை பொறு என்றேன். ஃப்ரீவேயில் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஜூலை 27, ஞாயிறு, பார்மத்

வந்து சேர்ந்தோம். பர்மிங்ஹாமில் ரயில் மாறும்போது ரைஸ் குக்கர் பெட்டியைக் கடைசி நிமிஷத்தில் பிளாட்ஃபார்மிலேயே விட்டுவிட்டோம். சுஹாஸ் ஓடிப்போய் எடுத்து வந்தான். அம்மா அவனைத் திட்டாமல் என்னைத் திட்டினாள். பிளான் பண்ணினது நான்தானே.

ரயில் பிரிகிற ஸ்டேஷனில் அப்பா எழுந்து கதவு வரைக்கும் போய், நாங்கள் சரியான பாதியில்தான் இருக்கிறோமா என்று மூன்று தடவை ரயில் கார்டைக் கேட்டார். நான் சொன்னதை நம்பவில்லை.

ஜூலை 30, புதன்

பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். நாம் கை காட்டினால்தான் ரயில் நிற்கும். பீச்சிலிருந்து திரும்பும்போது அப்பா பிளாட்ஃபார்ம் ஓரத்தில் நின்று, டாக்ஸியைக் கூப்பிடுகிற மாதிரி கையை நீட்டினார். ரயில் நின்றது. எஞ்சின் டிரைவர் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நமக்காக நிறுத்தினான் பாரு," என்று ஏறி உட்கார்ந்ததும் அம்மாவிடம் சொன்னார். ஏப்ரலுக்கு அப்புறம் அவர் சிரித்தது இன்றைக்குத்தான். சுஹாஸ் "ஓகே தட் வாஸ் கூல், அப்பா," என்றான்.

பிளான் பண்ணினதற்கு இது போதும். யாரும் தேங்க்ஸ் சொல்ல வேண்டாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய், ஆர்ன்சைட்

எழுதணுமான்னு தெரியல. எழுதறேன்.

அம்மாவும் சுஹாஸும் பேக்கரி லைன்ல. நானும் அப்பாவும் தண்ணி ஓரத்துச் சுவர்ல உக்காந்திருந்தோம். கடல் தண்ணி ஆத்துக்குள்ள ஏறப்போகுதுன்னு ஊருக்கே சைரன் அடிச்சாங்க. அப்பா சொல்லிட்டிருந்தார், "இங்கேர்ந்து லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் கார்ல அரை மணி நேரம், நானா இருந்தா—"

அவ்ளோதான். நின்னுடுச்சு.

கண்ணு திறந்திருக்கு. ஆள் இல்ல. வலது கை சட்டை பட்டனை நோண்டுது, நோண்டிக்கிட்டே இருக்கு. வாய் எதையோ மெல்லுது. அப்பான்னேன். மறுபடி அப்பான்னேன். காபி சாய்ஞ்சு பேன்ட்ல கொட்டுது, சுடறதுகூடத் தெரியல. தோளை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். கீழ சேறு, தண்ணி வந்துட்டிருக்கு. ஒரு நிமிஷமா, ரெண்டா — தெரியல.

அப்புறம் வந்துட்டார். பேன்ட்டைப் பாத்தார். என் கை தோள்ல இருக்கறதைப் பாத்தார். புரிஞ்சுடுச்சு.

"அம்மாகிட்ட சொல்லாதே. காபி கொட்டிச்சு, அவ்ளோதான்."

அப்பா, டாக்டர்கிட்டயாவது—ன்னேன்.

"நீ நியூஜெர்சி போகணும்ல?"

கௌசிகாகிட்ட பேசின அன்னிக்குக் கார்ல தூங்கவே இல்ல மனுஷன்.

"அக்டோபர்ல நான் சாவிய எடுத்துக்கறேன். நீ போ. அம்மாவை நான் பாத்துக்கறேன்."

அம்மா பேப்பர் பையோட வந்தா. பேன்ட் என்ன ஆச்சுன்னு கேட்டா. காபி கொட்டிச்சுன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன். அவர் இல்ல.

ஆகஸ்ட் 6

சொன்னால் இன்னும் ஆறு மாசம் ஓட்டணும். சொல்லாவிட்டால் போகலாம். இதில் யோசிக்க என்ன இருக்கு?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

திருமூர்த்தி அங்கிள் வீட்டில் அப்பா ட்ரிப் கதை சொன்னார். "ஓட்டி ஓட்டி அலுத்துப்போச்சு திரு, ஒரு தடவை சும்மா உக்காந்து போலாம்னு தோணிச்சு." எல்லாரும் தலையாட்டினார்கள். அங்கிளின் மனைவி புஷ்பவல்லி ஆன்ட்டி தங்களுக்கும் அதே மாதிரி ஒரு ட்ரிப் பிளான் பண்ணித் தரச் சொன்னாள். அங்கிள், "பண்ணுவா, அவ ஃப்ரீதானே. காலேஜும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்று சிரித்தார்.

அப்பாவும் சிரித்தார். அதுதான் இன்னும் எரிகிறது.

செப்டம்பர் 21

கௌசிகா அக்டோபர் கடைசி வரை ரூமைப் பிடித்து வைக்கிறாள். பேக்கரியில் பேசிவிட்டாள். இரண்டு பெட்டி போதும்.

அக்டோபர் 14, செவ்வாய்

நாளைக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட். அப்பா ஆபீஸுக்கு லீவு போட்டு வீட்டிலிருந்தார். சாயந்திரம் சுஹாஸை எடுக்கப் போக காரில் ஏறினேன். சீட் பின்னால் தள்ளியிருக்கு, பிரேக் காலுக்கு எட்டவில்லை. கண்ணாடியில் கூரை தெரிகிறது. எல்லாம் அவர் உயரத்துக்கு மாற்றி, கார் கழுவி, டேஷ்போர்டெல்லாம் துடைத்து வைத்திருக்கிறார்.

சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு போனேன். சுஹாஸ் ஏறினதும், "நாளைலேர்ந்து அப்பா டிராப் பண்றேன்னார். ஐ கெட் த ஃப்ரன்ட் சீட்," என்றான். அவன் ரேடியோவை மாற்றிக்கொண்டே வந்தான். நான் ஃப்ரீவேயில் எழுபது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். ஆர்ன்சைட்டில் எவ்வளவு நேரம் நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவ்வளவு நேரத்தில் இந்த வேகத்தில் ஒரு கார் எங்கே போய் முட்டும்?

எக்ஸிட்டை விட்டுவிட்டேன். சுஹாஸ் கத்தினான்.

அக்டோபர் 15, புதன்

எப்போதும் வெயிட்டிங் ரூமில்தான் உட்காருவேன். இன்றைக்கு அப்பாவே உள்ளே கூப்பிட்டார். கூட இருக்கிறவர்களையும் கேட்பார்களாம், சில வகை ஃபிட்ஸ் நமக்கே தெரியாமல் வந்து போகுமாம். "ஒண்ணும் இல்லன்னு சொன்னா போதும்," என்றார்.

டாக்டர் அவரைக் கேட்டார். அப்பா இல்லை என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

ஒரு தடவை வந்தது, ஆகஸ்ட் ஐந்து என்று சொன்னேன். பட்டன், வாய், காபி எல்லாம் சொன்னேன். என் குரல் நன்றாகவே இருந்தது. டாக்டர் டைப் பண்ணிக்கொண்டே இருந்தார். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

மாத்திரையைக் கூட்டியாச்சு. இன்றையிலிருந்து மறுபடி ஆறு மாசம்.

அப்பா காரின் பின் கதவைத் திறந்து பின் சீட்டில் உட்கார்ந்தார். ஃப்ரீவே ஏறினதும்தான் சொன்னார்:

"ரெண்டு மாசம் வாய மூடிட்டுதானே இருந்த. இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்தா என்ன?"

 

அக்டோபர் 16

அம்மா: "டாக்டர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லணும்னு தோணலையா? அது மறுபடி வந்ததும் இனிமே ரெக்கார்ட்ல இருக்கும்."

அப்பா செத்துப்போயிருந்தா அதுவும் ரெக்கார்ட்லதான் இருக்கும்னேன். அம்மா அறைஞ்சுட்டா. எனக்கு இருபத்திரண்டு வயசு.

அக்டோபர் 30

ரூமை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டதாக கௌசிகா மெசேஜ். கோபமெல்லாம் இல்லை என்று எழுதியிருக்கிறாள். கோபம்தான்.

டிசம்பர் 2

டவுன்டவுன். ஸ்கூல். டவுன்டவுன். பின் சீட்டில் அப்பா லேப்டாப் பார்த்துக்கொண்டு வருகிறார். ஏதாவது சொல்லணும் என்றால் சுஹாஸுக்கு மெசேஜ் அனுப்புகிறார், சுஹாஸ் எனக்கு அனுப்புகிறான்.

ஜனவரி 18, ஞாயிறு

வீட்டை விற்கப் போகிறார்கள். என்னிடம் சொன்னது சுஹாஸ்தான். ஹூஸ்டனுக்குள்ளே, ரயில் லைன் பக்கத்தில் அபார்ட்மென்ட். ரெட் லைனில் ஏறினால் அம்மா ஆஸ்பத்திரி, அதே ரயிலில் அப்பா ஆபீஸ். மே மாசம் ஸ்கூல் முடிந்ததும் மாறுகிறார்கள். அப்பாவே டைம்டேபிள் எல்லாம் பார்த்து, வீட்டிலிருந்து ஸ்டேஷன் நடக்கிற தூரம்தானா என்று மேப்பில் அளந்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோயிலில் திருமூர்த்தி அங்கிளிடம், அம்மா பேரைச் சொல்லி, ஸ்வர்ணாவுக்கு டிராஃபிக் ஒத்துக்கலை என்று சொன்னாராம். பொய் அப்படியே இருக்கு. வீடு மட்டும் மாறுகிறது.

பிப்ரவரி 21, சனி

அபார்ட்மென்ட் பார்க்க அப்பாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு ஷிஃப்ட். மூன்றாவது மாடி, சின்ன கிச்சன். அப்பா அதைப் பார்க்கவே இல்லை. பால்கனியில் நின்று கீழே ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே வந்ததும் நேராக என்னிடமே பேசினார். அக்டோபருக்கு அப்புறம் முதல் தடவை.

"மே மாசத்துக்கு மேல உன்னை எதுக்கும் கூப்பிட மாட்டேன். எங்க வேணா போய்க்கோ."

இந்த வாக்கியத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தேன். வந்தபோது என்னை வேலையை விட்டு நிறுத்தின மாதிரி இருந்தது.

"ஆஸ்பத்திரி வரைக்கும் ரயில்ல போய்ப் பாக்கறேன். நீ கார எடுத்துட்டு வா."

நானும் கூட வரேனே என்றேன். வேண்டாம் என்றார்.

ஃபேனின் தெருவில் தண்டவாளமும் ரோடும் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. ஒரு சிக்னலில் ரயில் என் கார் பக்கத்தில் வந்து நின்றது. அப்பா தெரிந்தார். சீட் எல்லாம் காலி, அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முன்னால் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட யாருமில்லை. ஜன்னலை இறக்கினேன். கூப்பிடவில்லை.

ரயிலுக்கு வழி விட்டார்கள். எனக்கு ரெட்.