சத்தம் வராத வண்டி

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா ஆசியுடன் எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீ சுகமா என்று எப்போதும் கேட்கிற மாதிரி கேட்கக்கூட இந்த முறை பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதை அடைத்தாகிவிட்டது, உன் தம்பி பரீட்சையில் பாஸ் செய்துவிட்டான், அதிசயம்தான்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை எங்கள் குடோனில் நான் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கால்மேல் சக்கரம் ஏறிவிட்டது. உன் வயதுதான் இருக்கும். மூன்று பேர் தூக்கும்போது அவள் அழக்கூட இல்லை, என்னைப் பார்த்து, "அண்ணா, சத்தமே வரலையே" என்றாள். எப்படி வரும்? பின்னால் போகும்போது வண்டி போடுகிற பீப் சத்தம் தலையைப் பிளக்கிறது என்று பில் போடுகிறவரிலிருந்து லோடு தூக்குகிறவர்வரை எல்லோரும் புலம்பியதால், போன மாதம் நான்தான் அந்த ஹாரனில் பழைய துணியை அடைத்து டேப் ஒட்டினேன். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். இப்போது விசாரிக்க ஆட்கள் வருவதற்குள் சூப்பர்வைசர் துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவள் காதில் இயர்போன் மாட்டியிருந்தாள் என்று சொல்லச் சொன்னார். பத்தொன்பது வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவன், பயத்தில் தலையாட்டிவிட்டேன். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாதத்தைக் காப்பாற்ற முடியுமா என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரியுமாம். அவள் அம்மா எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். உட்கார முடியவில்லை, நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். நாளை ஆபீசிலும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். வேலை போனால் போகட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அதைவிட, நீயும் அங்கே குடோனில்தான் நாள் முழுக்கச் சாமான் எடுத்து நடக்கிறாய் என்ற நினைப்புதான் என்னை எழுத வைத்தது. வீட்டிலேயே போனைப் பார்த்தபடி கதவில் முட்டிக்கொள்கிறவள் நீ. சரக்கைத் தூக்கிவிட்டால் ஓட்டுகிறவனுக்கு முன்னால் நிற்கிற ஆள் தெரியாது, திரும்பிப் பார்த்தாலும் பின்னால் குனிந்திருப்பவர் தெரியமாட்டார், உட்கார்ந்து ஓட்டுகிற நான் சொல்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் வேலைக்குப் போனதும் வண்டி சத்தம் போடுகிறதா என்று பார். போடாவிட்டால் வேலையை நிறுத்திவிட்டுச் சொல், திட்டினால் திட்டட்டும்.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், இரண்டு காலோடு வீடு வந்து சேர வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. உங்கள் குடோன் வண்டிக்காரர் தங்கமான மனிதர், அப்பா மாதிரியே என்று போன வாரம் சந்தோஷமாகச் சொன்னாய். அவர் வண்டிக்குப் பின்னால் நிற்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா