அரை ஏக்கரைக் கொடுத்துவிடாதே

என் வீட்டுக்கு அரசியானவளுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இந்தக் கடிதம் முழுவதும் என் கையெழுத்து. படித்துக் காட்டும் மருமகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இந்த ஆராய்ச்சிப் பண்ணையில் இரும்புச்சத்து கூடிய புதுக் கம்பை நாற்பது ஏக்கரில் இயந்திரத்தால் விதைத்தார்கள், அரை ஏக்கரில் நான் கையால் விதைத்தேன். ஏக்கருக்கு ஒரே அளவு உரம், தண்ணீர். இயந்திரம் தவறவிட்ட இடமெல்லாம் வெறும் மண்ணாகக் கிடந்தது. நானோ நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கி வெற்றிடத்தில் நட்டேன். இடுப்பு கொஞ்சம் பிடித்துக்கொண்டது, இப்போது சரியாகிவிட்டது. நேற்று எடை போட்டார்கள். ஏக்கர் கணக்கில் என் வயல்தான் முன்னால்.

"பெரியவரே, இதை நாப்பது ஏக்கர்லயும் செய்யலாமா?" என்று அதிகாரி கேட்டார்.

"அதுக்கு என்னை மாதிரி எண்பது கிழவன் வேணும் சார். ஊரு தாங்காது" என்றேன்.

மூக்குக்கண்ணாடி ஒன்று அனுப்பு. நீ பேசுவதை மருமகள் அப்படியே எழுதட்டும், திட்டினாலும் பரவாயில்லை.

தபால் கொண்டுபோகும் வேன் வந்துவிட்டது. நம் அரை ஏக்கர் துண்டு நிலத்தில் என்ன விளையும் என்று உன் தம்பி கேட்பான். ரத்தம் குறைந்த நம் பேத்திக்குக் கம்பு விளையும் என்று சொல். அவன் வயலோடு சேர்க்க வரப்பை வெட்ட வந்தால் குறுக்கே நில். அடுத்த மாதம் இந்தக் கம்பு விதையோடு வருகிறேன்.

உன் வீட்டுக்காரன்